பெரிய குடும்பத்துக்குப் பழைய கார்: கேள்வி பதில்

ஆறேழு பேர் உள்ள வீட்டுக்கு செகண்ட் ஹேண்டில் எந்த வண்டி எடுக்கலாம், எப்படிப் பார்த்து எடுக்கலாம் என்று பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

மதுரை: அண்ணா, நாங்க ரெண்டு பேர், ரெண்டு பசங்க, அப்பா அம்மா. கையில ஆறரை லட்சம், அதுக்கு மேல முடியாது. மாசம் 700 கி.மீ. ஓடும். வருஷத்துக்கு ரெண்டு தடவை கொடைக்கானல். எர்டிகாவா, பழைய இன்னோவாவா?

எர்டிகா பெட்ரோல். ஆனால் கையில் ஆறரை இருந்தால் வண்டிக்கு ஐந்தே முக்காலுக்கு மேல் போகாதீர்கள். மீதிப் பணம் முதல் மாதத்திலேயே தேவைப்படும். நான்கு டயருக்கே 20 முதல் 25 ஆயிரம் ஆகிவிடும். பேட்டரி, இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பிரேக் பேட், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கு மேல். முழுப் பணத்தையும் வண்டியிலேயே போட்டுவிட்டு, தேய்ந்த டயரோடு கொடைக்கானல் ஏறுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

உங்கள் பட்ஜெட்டில் வரும் இன்னோவா பெரும்பாலும் 2 லட்சம் கி.மீ. தாண்டியதாக இருக்கும். இன்ஜின் தாங்கும்தான். ஆனால் சஸ்பென்ஷன், இன்ஜெக்டர், கிளட்ச், டர்போ எல்லாம் ஒரே சமயத்தில் வேலைக்கு வரும் வயது அது. மாதம் 700 ஓட்டுகிறவருக்கு டீசலில் மிச்சமாவது அந்த ஒரு பில்லிலேயே போய்விடும்.

முதல் எர்டிகா 2012-ல் வந்தது; 1.4 லிட்டர் பெட்ரோல். 2018 நவம்பரில் வந்த அடுத்த தலைமுறையில் 1.5 லிட்டர். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் டிக்கியில் இருக்கிறது. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது பழையதில் 135 லிட்டர்தான் இடம், புதியதில் 209. பழையதில் ஏழு பேர் உட்கார்ந்தால் இரண்டு சின்னப் பைக்கு மேல் வைக்க முடியாது. நீங்கள் ஆறு பேர். கடைசி வரிசை இரண்டாகப் பிரிந்து மடிந்தால் ஒரு பக்கத்தை மடித்துப் பெட்டியை அங்கே வைக்கலாம். ஒரே பலகையாக மடியும் வண்டியும் உண்டு, அதனால் பார்க்கப் போகும்போது மடித்துப் பாருங்கள். ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய வண்டி என்றால் ஏர்பேக் உள்ள வேரியன்ட்டாகத் தேடி எடுங்கள்.

மதுரை (மறுபடியும்): எர்டிகாலயே டீசல் இதே விலைக்குக் கிடைக்குது. மலை ஏற அது நல்லா இருக்காதா?

இழுவை அதிகம்தான். ஆனால் அந்த 1.3 டீசல் இன்ஜின் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே மந்தமாக இருக்கும். முழு லோடோடு கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் திணறி, முதல் கியருக்கு வர வேண்டியிருக்கும். பழகிவிட்டால் பிரச்சினை இல்லை.

நல்ல இன்ஜின்தான், ஆயில் விஷயத்தில் மட்டும் மன்னிக்காது. 10,000 கி.மீ.-க்கு ஒருமுறை ஆயில் மாற்றாமல் இழுத்தடித்த வண்டியில் டைமிங் செயின் தளர்ந்துவிடும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகளுக்குச் சங்கிலி உரசுகிற கரகர சத்தம் வந்தால் அந்த வண்டி வேண்டாம். 2020 ஏப்ரலோடு எர்டிகா டீசல் நின்றுவிட்டதால் சந்தையில் இருப்பதில் எதுவும் இளசு இல்லை. மாதம் 1,500 கி.மீ. தாண்டினால் டீசலை யோசியுங்கள், உங்களுக்கு வேண்டாம்.

நாமக்கல்: சார், 2013 இன்னோவா ஒண்ணு பார்த்தேன். டி போர்டுல ஓடி ஓன் போர்டா மாத்தினது. மீட்டர்ல 1,38,000 காட்டுது. நம்பலாமா?

வாடகைக்கு ஓடிய இன்னோவா இரண்டு வருடத்தில் ஓடிவிடும் தூரம் அது. மீட்டரை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரில் வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறதா? பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகம்தான். ஸ்டியரிங்கில் இரண்டு கையும் பிடிக்கும் இடம், கியர் தலை, ஓட்டுநர் சீட்டில் கதவுப் பக்க விளிம்பு இவை பொய் சொல்லாது. சீட் கவர் போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். அந்த விளிம்பில் ஃபோம் அமுங்கி உள்ளே இருக்கும் கம்பி கையில் தட்டுப்பட்டால், நீங்கள் பார்ப்பது 1,38,000 ஓடிய வண்டி இல்லை.

அடுத்து, வண்டி எண்ணைக் கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். ஓனர் கூட வந்தால் தருவார்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கி.மீ. பதிவாகியிருக்கும். 2016-லேயே 1,60,000 என்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஓனர் வர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இந்த 2.5 டீசல் இன்னோவாவில் டைமிங் பெல்ட் இருக்கிறது. 1 லட்சம் முதல் ஒன்றரை லட்சம் கி.மீ.-க்குள் மாற்ற வேண்டிய சாமான் அது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே பெல்ட், டென்ஷனர், கூடவே வாட்டர் பம்ப்பும் மாற்றுங்கள். 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டாவின் 2.4 டீசலில் பெல்ட் இல்லை, செயின்.

பேப்பரில், ஆர்சியில் வண்டி வகை மோட்டார் கார் என்று மாறியிருக்க வேண்டும், பர்மிட் சரண்டர் ஆகியிருக்க வேண்டும், லைஃப் டாக்ஸ் கட்டியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று பாக்கி இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சென்னை: 2019 எர்டிகா, வெளி விலையை விட 80 ஆயிரம் கம்மியா சொல்றாங்க. தண்ணில நின்ன வண்டியா இருக்குமோன்னு பயம்.

பயம் நியாயமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. கழுவி, உள்ளே புதுத் துணி மாற்றி, வேறு ஊருக்குக் கொண்டுபோய் விற்பது வழக்கம். வாங்கும்போது நன்றாகவே ஓடும். ஒயரிங் இணைப்புகளில் பச்சை பூத்து, சில மாதம் கழித்து ஒவ்வொன்றாக நிற்கும். பவர் விண்டோ, ஏசி, கடைசியில் இன்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம். ஏர்பேக் கட்டுப்படுத்தும் பெட்டி பெரும்பாலும் நடுவில், தரையோடு ஒட்டியிருக்கும். அதில் தண்ணீர் போயிருந்தால் விபத்தில் ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது. அதனால்தான் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் குடும்பத்தை ஏற்றும் வண்டியாக இதை எடுக்க வேண்டாம் என்கிறேன்.

கண்டுபிடிக்க ஒரு டார்ச் போதும். எல்லா சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுங்கள். சுருண்டே கிடக்கும் அடிப்பகுதியைக் கழுவ யாருக்கும் பொறுமை இருக்காது. சேறு காய்ந்த கோடு அங்கே தெரியும். முன் சீட்டுக்கு அடியில் தண்டவாளமும் போல்ட்டும் துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் உள்ள ஃபோமை அழுத்தி மோந்து பாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, பெயின்ட் இல்லாத இரும்புப் பட்டைகளில் துரு தேடுங்கள். ஸ்டெப்னி கிடக்கும் குழி, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, ஃபியூஸ் பெட்டி. எல்லாம் இருபது நிமிட வேலை.

இன்சூரன்ஸ் பேப்பரிலும் ஒரு தடயம் உண்டு. கிளெய்ம் செய்யாத ஒவ்வொரு வருடத்துக்கும் என்சிபி என்ற பிரீமியம் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். முதல் ஓனரே வைத்திருக்கும் 2019 வண்டியின் பாலிசியில் 0 அல்லது 20 என்று இருந்தால், அண்மையில் ஏதோ கிளெய்ம் நடந்திருக்கலாம். என்ன கிளெய்ம் என்று கேட்டு, ரிப்பேர் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

ஈரோடு: மெக்கானிக் கூட வர மாட்டேங்கிறார். நானே டெஸ்ட் டிரைவ்ல என்னென்ன பார்க்கணும்?

முதல் நாளே சொல்லிவையுங்கள், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்ப்பேன் என்று. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் காலையில் போங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள்: லேசாக ஆவி வருவது சகஜம், குபுகுபு என்று அழுத்தத்தோடு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம்.

கிளட்ச்சுக்கு: ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே நின்றால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. உறுமிக்கொண்டே ஓடினால் புதுக் கிளட்ச் செலவைப் பேரத்தில் கழியுங்கள்.

பிறகு ஒரு வேலை, பெரும்பாலோர் செய்யாதது. வீட்டில் உள்ள எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். ஒருவர் மட்டும் ஓட்டினால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். ஏழு பேரோடு வேகத்தடை ஏறி இறங்கும்போது பின்பக்கம் தட்டுகிறதா, மேட்டில் நின்று கிளம்ப முடிகிறதா, உச்சி வெயிலில் சிக்னலில் நிற்கும்போது கடைசி வரிசைக்கு ஏசி போகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மூன்றாம் வரிசையில் உட்காரப்போகிறவர் அரை மணி நேரம் அங்கேயே உட்காரட்டும். முட்டி நெஞ்சுக்கு வந்தால் அந்த சீட் குழந்தைகளுக்கு மட்டும்தான்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். டிங்கரிங் செய்த வண்டியா என்று பார்க்க, பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் கிடைத்தால், கம்பெனி பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான் வாக்கில் காட்டும். கதவில் 250 காட்டினால் கீறலுக்கு அடித்திருப்பார்கள், அது பரவாயில்லை. பில்லரிலோ கூரையிலோ 500 காட்டினால் பட்டி வைத்த வண்டி, எழுந்து வந்துவிடுங்கள்.

திருநெல்வேலி: அம்மாவுக்கு முட்டி வலி. ஏறி இறங்கச் சுலபமானது எது?

இன்னோவா, சைலோ, ஸ்கார்ப்பியோ மூன்றும் உயரம். படி வைத்தாலும் காலைத் தூக்கித்தான் ஏற வேண்டும். எர்டிகா, மொபிலியோ, ட்ரைபர் இவற்றில் சீட் ஏறக்குறைய இடுப்பு மட்டத்தில் இருப்பதால் உட்கார்ந்து காலை உள்ளே திருப்பினால் போதும். அம்மாவையே கடைக்கு அழைத்துப்போய் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூர்: பட்ஜெட் நாலரை. ட்ரைபர் எடுக்கலாமா, டாட்சன் கோ பிளஸ் இன்னும் கம்மியா வருதே?

ட்ரைபர். டாட்சன் 2022-ல் இந்தியாவை விட்டே போய்விட்டது. விற்கப் போகும்போது அதன் வலி தெரியும். ட்ரைபரில் கடைசி வரிசை சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம், 625 லிட்டர் டிக்கி கிடைக்கும். 2021-ல் குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது. குறை இன்ஜின்தான். 1 லிட்டர், 72 குதிரைத்திறன். ஏழு பேரோடு ஊட்டி ஏறினால் ஏசியை நிறுத்த வேண்டிவரும். ஐந்து பேர், எப்போதாவது ஏழு என்ற வீட்டுக்கு இதைவிட நல்ல பேரம் இல்லை.

தஞ்சாவூர்: லாட்ஜி, என்ஜாய், மொபிலியோ எல்லாம் ரொம்ப மலிவா இருக்கே, ஏன்?

மூன்றும் உற்பத்தி நின்றவை. என்ஜாயைத் தயாரித்த ஷெவர்லே 2017-லேயே இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. என்ஜாய் டீசலில் இருப்பதும் அதே 1.3 வகை இன்ஜின் என்பதால் இன்ஜின் சாமான் கிடைக்கும். பம்பர், ஹெட்லைட், கண்ணாடிக்கு அலைய வேண்டும். என்ஜாயைத் தவிர்க்கலாம். லாட்ஜியில் இடம் தாராளம், மூன்றாம் வரிசையில் பெரியவர்களே உட்காரலாம். டைமிங் பெல்ட் மாற்றிய பில் அவசியம். உங்கள் ஊரில் ரெனோ இன்ஜின் தெரிந்த மெக்கானிக் இருந்தால் எடுங்கள். மொபிலியோ பெட்ரோல் நம்பகமான வண்டி. பாடி சாமான் விலையை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்: கர்நாடகா வண்டி, டெல்லி வண்டி கம்மியா வருது. எடுத்தா சிக்கலா?

அங்கே உள்ள ஆர்டிஓவிடம் படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே லைஃப் டாக்ஸ் கட்டி, புது எண் வாங்க வேண்டும். வரியைச் சேர்த்தால் பல சமயம் மலிவு காணாமல் போகும். அட்வான்ஸுக்கு முன்பே உங்கள் ஆர்டிஓவில் அந்த மாடலுக்கும் வயதுக்கும் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசலுக்கு நெருக்கடி இருந்ததால் அங்கிருந்து நிறைய வண்டி தெற்கே வந்தன. அவற்றின் சர்வீஸ் சரித்திரத்தை இங்கிருந்து தோண்டுவது கஷ்டம்.

புதுச்சேரி: எர்டிகா சிஎன்ஜி?

கம்பெனி சிஎன்ஜியாக இருந்தால் நல்லது, ஆனால் சிலிண்டர் டிக்கியை எடுத்துக்கொள்ளும். ஏழு சீட்டும் வேண்டும், பெட்டியும் வைக்க வேண்டும் என்றால் சரிவராது. சிலிண்டருக்கு 3 வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் செய்த சான்று இருக்க வேண்டும். வெளியே பொருத்தியது என்றால் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும்.

சேலம்: விலை பேசி முடிச்சாச்சு. வண்டி மேல லோன் இருக்கு, "பணத்தைக் கொடுங்க, கட்டிட்டு என்ஓசி தர்றேன்"ங்கிறார் ஓனர். என்ன பண்றது?

பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். லோன் பாக்கிக்கு வங்கியில் கடிதம் வாங்கச் சொல்லி, அந்தத் தொகையை நேராக லோன் கணக்கில் செலுத்துங்கள். வங்கி தரும் என்ஓசியும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வந்து, ஆர்சியில் ஹெச்பி (வண்டி மேல் லோன் இருப்பதற்கான பதிவு) நீங்கிய பிறகு மீதியைக் கொடுங்கள். அதுவரைக்கும் ஒரு ஒப்பந்தம் எழுதி, சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களை வண்டியில் உள்ளதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனர் பெயரிலேயே பாலிசி இருக்கும்போது வண்டி அடிபட்டால், எதிராளிக்கான காப்பீடு நிற்கும். உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைக்காது. அவருடைய என்சிபி உங்களுக்கு வராது, அதற்கான வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டும். அதையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.