பெண் நாயகியாக வந்தால் கேம் கெட்டுப்போகுமா?

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு 16 வயது. ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருக்கிறேன். அண்ணனோடும் மாமி மகனோடும் சேர்ந்து கேம் விளையாடுவேன். போனில் ஃபிரீ ஃபயர், மாமா கட்டாரில் இருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷனில் மற்றவை. இப்போது வரும் பெரிய கேம்களில் எல்லாம் பெண்களை வேண்டுமென்றே திணிக்கிறார்கள், அதனால்தான் கதையும் கெடுகிறது, விற்பனையும் இல்லை என்று இரண்டு பேரும் சொல்கிறார்கள். ‘தி விட்சர்’ கேமின் நான்காம் பாகத்தில் சிரி என்ற பெண்தான் நாயகி என்று தெரிந்ததில் இருந்து வீட்டில் இதே சண்டை. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பிடித்த கேம்களில் பாதிக்கு மேல் ஆண்தான் நாயகன். அதைச் சொல்லியே என் வாயை அடைக்கிறார்கள். ஃபிரீ ஃபயரில் நான் ஆண் பெயரில்தான் விளையாடுகிறேன். மைக் போடுவதே இல்லை. நான் ஆசைப்படுவது பிழையா, அக்கா?

வாசகி, காரைதீவு

பதில்:

பிழையே இல்லை, தங்கச்சி. கடிதத்தின் கடைசியில் ஆண் பெயர், மைக் என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்கு வருகிறேன். முதலில் அண்ணனும் மச்சானும் சொல்வதை எடுத்துக்கொள்வோம். அவர்கள் சொல்வது எல்லாமே வீம்பு என்று நான் நினைக்கவில்லை.

இப்போதுதான் திணிக்கிறார்கள் என்பது சரியில்லை. நிண்டெண்டோவின் ‘மெட்ரொயிட்’ 1986இல் வந்தது. உடம்பு முழுக்கக் கவசம் போட்ட சாமுஸ் என்பவராக விளையாடவேண்டும். கேமோடு வந்த ஆங்கிலக் கையேடுகூடச் சாமுஸை ஆண் என்றே எழுதியிருந்தது. விரைவாக ஆடி முடித்தவர்களுக்குக் கடைசியில் கவசம் கழன்றது. உள்ளே இருந்தவர் பெண். 1988இல் ரொபேர்ட்டா வில்லியம்ஸ் வடிவமைத்த ‘கிங்ஸ் குவெஸ்ட்’ நான்காம் பாகத்தில், சாகக் கிடக்கும் தகப்பனைக் காப்பாற்ற இளவரசி ரொசெல்லா தனியே புறப்படுகிறாள். 1996இல் ‘டூம் ரைடர்’ லாரா க்ரொஃப்ட். இதெல்லாம் உங்கள் அண்ணன் பிறப்பதற்கு முன்பு நடந்தது. சிரியும் நேற்றுக் கொண்டுவந்து ஒட்டப்பட்டவள் இல்லை. 2015இல் வந்த மூன்றாம் பாகத்திலேயே சில கட்டங்களில் அவளாகத்தான் விளையாடவேண்டும். இதுவரை நாயகனாக இருந்த கெரால்ட் அந்தக் கதை முழுவதும் அவளைத் தேடித்தான் அலைகிறான். தகப்பன்போல வளர்த்தவனின் கதைக்குப் பிறகு வளர்ந்த பிள்ளையின் கதை வருவதுதானே முறை?

திணிப்பு நடந்ததா என்று கேட்டால், நடந்தது. ஆனால் மற்றப் பக்கமாக நடந்தது. பாரிஸில் உள்ள டொன்ட்நொட் நிறுவனம் 2013இல் ‘ரிமெம்பர் மீ’ என்ற கேமை வெளியிட்டது. நாயகியின் பெயர் நிலின். நாயகி பெண் என்பதற்காகவே சில வெளியீட்டாளர்கள் கைவிட்டார்கள் என்று அதைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதே நிறுவனத்தின் ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ 2015இல் வந்தது. அதிலும் நாயகியை ஆணாக மாற்றச் சொன்னார்கள். எதையும் மாற்றவேண்டாம் என்று எடுத்துக்கொண்டது ஸ்குவேர் எனிக்ஸ் என்ற வெளியீட்டு நிறுவனம்.

‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’யின் கதை இன்னும் மோசம். 2014இல் அது வரவிருந்தபோது, விளையாடக்கூடிய பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று கேட்டார்கள். அசைவுகள், உடைகள் எல்லாம் இரட்டிப்பு வேலையாகிவிடும் என்று அதைச் செய்த யுபிசொஃப்ட் தரப்பில் பதில் வந்தது. அதே தொடரில் முன்பு வேலை செய்த அனிமேஷன் கலைஞர் ஒருவர், அது ஓரிரு நாள் வேலைதான் என்றார். அந்தக் கேம் நடக்கும் காலம் பிரெஞ்சுப் புரட்சி. 1793இல் புரட்சித் தலைவர் மராவைக் கத்தியால் குத்திக் கொன்றது ஷார்லட் கோர்டே என்ற இளம் பெண். கொலையாளிகளைப் பற்றிய ஒரு கேம், அந்தக் காலத்தையே களமாக எடுத்துக்கொண்டு, விளையாட ஒரு பெண்ணைத் தரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. 2018இல் அதே தொடரின் ‘ஒடிசி’யில் கசாண்ட்ரா என்ற பெண், அலெக்ஸியோஸ் என்ற ஆண் இருவரில் ஒருவரைத் தெரிவுசெய்யலாம் என்று வந்தது. கசாண்ட்ரா மட்டுமே நாயகியாக இருக்கவேண்டும் என்றுதான் அந்தக் குழு முதலில் நினைத்தது, பெண் விற்கமாட்டாள் என்று மேலிடம் தடுத்தது என்று 2020இல் புளூம்பெர்க் செய்தி வெளியிட்டது.

விற்பனையைப் பற்றி அண்ணனுக்கு எண்களையே சொல்லுங்கள். டூம் ரைடர் தொடர் 100 மில்லியன் பிரதிகளைத் தாண்டிவிட்டது. 2017இல் வந்த ‘ஹொரைசன் ஸீரோ டோன்’ மட்டும் 20 மில்லியனுக்கு மேல் விற்றது. அதன் நாயகி ஏலொய், தாய் யார் என்றே தெரியாமல் கூட்டத்துக்கு வெளியே வளர்க்கப்பட்ட பெண். சில கேம்கள் தோற்றதும் உண்மை. 2023 ஜனவரியில் வந்த ‘ஃபொர்ஸ்போக்கன்’ எதிர்பார்த்த அளவு போகவில்லை. நாயகி பேசும் வசனங்கள் பலருக்கு எரிச்சலைத் தந்தன. அண்ணன் அதைச் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டுவிட்டு ‘இம்மோர்ட்டல்ஸ் ஒஃப் அவேயம்’ பற்றிக் கேளுங்கள். அதே ஆண்டு வந்தது, நாயகன் ஜாக் என்ற ஆண், விற்பனை படுத்துவிட்டது, செய்த நிறுவனம் ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. ஆணை நாயகனாகப் போட்டதால்தான் தோற்றது என்று யாராவது சொன்னார்களா?

இந்த விவாதத்தில் எனக்குப் பொறுக்காதது இதுதான். ஆண் நாயகனாக இருந்தால் காரணம் கேட்பதில்லை. பெண் வந்தால் மட்டும் ஏன் வந்தாள், யார் சொல்லி வந்தாள் என்று விசாரணை வைக்கிறோம். அவள் தோற்றால் பெண் என்பதால் தோற்றாள். வென்றாலோ, பெண் என்றாலும் பரவாயில்லை.

அண்ணனோடு நான் உடன்படும் இடமும் உண்டு. எதற்கும் பயப்படாத, ஒரு தடவையும் பிழை விடாத, வாயைத் திறந்தால் பிரசங்கம் செய்கிற நாயகியை எழுதி வைத்துவிட்டு, பிடிக்கவில்லை என்றவர்களை எல்லாம் பெண்களின் எதிரி என்று சொல்வது நியாயமில்லை. சோம்பேறித்தனமாக எழுதினால் யாரை வைத்தாலும் கதை நிற்காது. எனக்கு இன்னொரு குறையும் உண்டு. நாயகி பெண் என்பதற்காக மட்டும் எல்லாவற்றையும் கொண்டாட என்னால் முடியாது. பழைய லாராவின் உடம்பையும் உடுப்பையும், அவளை வைத்துச் செய்த விளம்பரங்களையும் பார்த்தால், அவை பையன்களின் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை என்பது தெரியும். 2013இல் ரியானா பிராட்செட் முதன்மை எழுத்தாளராக இருந்து எழுதிய லாரா வேறு ஆள். விழுகிறாள், நடுங்குகிறாள், குளிரில் கிடந்து நெருப்பு மூட்டப் பழகுகிறாள். எந்த லாராவாக விளையாடும்போது அந்த ஆபத்து உண்மையாகத் தோன்றுகிறது என்று அண்ணனையே கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்குப் பிடித்தவற்றில் பாதிக்கு மேல் ஆண்தான் நாயகன் என்கிறீர்கள். அது உங்கள் வாயை அடைக்கிற விஷயமே இல்லை. சின்ன வயதில் இருந்து ஆண் வேடத்துக்குள் புகுந்து, அவன் பயத்தையும் அவன் வெற்றியையும் உங்களுடையதாக நினைத்து விளையாடி வந்திருக்கிறீர்கள். ஒருநாளும் முறைப்பாடு செய்யவில்லை. அதே வேலையை அண்ணனிடம் எப்போதாவது ஒருமுறைதான் கேட்கிறார்கள். அவரால் முடியாது என்று நான் நம்பமாட்டேன், அதுவும் காரைதீவுப் பையனால்.

ஏன் தெரியுமா? வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மன் கோயில் வாசலில் நிற்கிற ஊர் உங்களுடையது. எங்கள் பகுதியில் அந்தக் காலத்தில் கொம்புமுறி விளையாட்டு நடந்தது. அண்ணன் கேள்விப்பட்டிருக்கமாட்டார் என்றால் அப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள். ஊர் இரண்டு கட்சியாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். தென்சேரிப் பக்கம் வடம் பிடித்தவர்கள் யார்? மீசை வைத்த ஆம்பிளைகள். ஒரு பெண்ணின் பக்கம் நின்று, அவள் வெல்லவேண்டும் என்று கை தேயத் தேய இழுத்தார்கள். வென்றால் அவர்களுக்கே பெருமை, தோற்றால் அவர்களுக்கே அவமானம். அதனால் தங்கள் ஆண்மை குறைந்துபோனதாக அவர்களில் எவரும் நினைத்ததாக நான் கேள்விப்படவில்லை. குடி தாய்வழியாக வருகிற, வீடு மகளுக்குப் போகிற, மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து இருக்கிற மண் இது. போருக்கும் சுனாமிக்கும் பிறகு எத்தனை குடும்பங்களைத் தனித்துப்போன பெண்கள் தூக்கி நிறுத்தினார்கள் என்பது மட்டக்களப்பு, அம்பாறை என்ற எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் தெரியும். இங்கே பிறந்த பையனுக்குப் பெண்ணை நடுவில் வைத்த கதை நம்பமுடியாததாக இருக்கக்கூடாது.

ஏன் சந்தோஷமாக இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்றீர்கள். கதை நடக்கிற இடத்தில் தன்னைப்போல ஒருத்தி காப்பாற்றப்படக் காத்திருக்காமல், தானே முடிவெடுத்து நடப்பதைக் கண்டால் யாருக்கும் மனம் நிறையும். அண்ணன் அதைப் பிறந்ததில் இருந்து அனுபவிப்பதால் அவருக்கு அது தெரிவதில்லை. வேறு காரணம் ஒன்றும் நீங்கள் சொல்லத் தேவையில்லை.

விளையாடிப் பார்க்கச் சில பெயர்கள் தருகிறேன். கணினி கிடைத்தால் ‘வெண்பா’. கனடாவில் டொரொன்டோவில் உள்ள ஒரு சிறிய குழு 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் போய்க் குடியேறிய தமிழ்த் தாய்தான் நாயகி. துப்பாக்கி இல்லை, பேய் இல்லை. அழிந்துபோன எழுத்துக்களோடு இருக்கும் அம்மாவின் சமையல் கொப்பியை வைத்து இட்டலி அவிக்கவேண்டும், தமிழை விட்டு விலகிப்போகிற மகனைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அவ்வளவுதான் கதை. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த அறிமுகக் கேமுக்கான விருதை அதற்குக் கொடுத்தது. எங்கள் அம்மாமாரைப்போல ஒருத்தி நாயகியாகலாம், அதை உலகம் உட்கார்ந்து விளையாடும் என்பது எனக்குப் பெரிய விஷயம். உங்கள் அம்மாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு விளையாடுங்கள். பிளேஸ்டேஷனுக்கு, புனேயில் உள்ள குழு 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ இருக்கிறது. அசுரர்கள் பிடித்துப்போன தம்பியை அக்கா தேடிப் போகிறாள். ‘அன்சார்ட்டட்’ தொடரில் 2017இல் வந்த ‘தி லொஸ்ட் லெகசி’யில் இரண்டு பெண்கள் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிள்ளையாரின் தந்தத்தைத் தேடுகிறார்கள். மச்சானுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இனி அந்த மைக்.

2020இல் ‘தி லாஸ்ட் ஒஃப் அஸ்’ இரண்டாம் பாகம் வந்தபோது, அபி என்ற பாத்திரத்தின் மேல் பலருக்குக் கோபம். கதையில் அவள் செய்ததும் பிடிக்கவில்லை, அவளுடைய கட்டுமஸ்தான உடம்பும் பிடிக்கவில்லை. அந்தக் கோபம் கேமோடு நிற்கவில்லை. அவளுக்குக் குரல் கொடுத்த நடிகை லோரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் போயின. கேம்களில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஆராய்ந்து வீடியோ செய்த அனிட்டா சர்கீசியனும் 2014இல் மிரட்டலால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேசவிருந்ததைக் கைவிட நேர்ந்தது. கற்பனைப் பெண்களைப் பற்றிய சண்டை இப்படித்தான் உயிருள்ள பெண்களிடம் வந்து முடிகிறது. நீங்கள் ஆண் பெயர் வைத்து வாயை மூடிக்கொண்டு விளையாடுவதும் அதே பயத்தால்தான். பெண் குரல் கேட்டவுடன் தூஷணம் பேசுகிறவர்கள், நம்பர் கேட்கிறவர்கள் எல்லாம் அந்த ஸ்குவாட்டில் இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

இதை அண்ணனிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் பார்த்தால் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சிரியைப் பற்றிய சண்டையை ஒரு நாளைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு இதைச் சொல்லுங்கள். அவர் போனை வாங்கி, பெண் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, தெரியாத ஆட்களோடு ஒரு பின்னேரம் விளையாடிப் பார்க்கட்டும். என்ன வருகிறது என்று அவரே பார்ப்பார். அப்புறம் அண்ணன், மச்சான், உங்கள் சிநேகிதி ஒருத்தி என்று நான்கு பேர் சேர்ந்து ஸ்குவாட் போடுங்கள். அதில் உங்கள் மைக் திறந்திருக்கட்டும், பெயர் உங்களுடைய விருப்பப்படி இருக்கட்டும். சொந்தப் பெயரையோ பள்ளிக்கூடத்தின் பெயரையோ மட்டும் வைக்காதீர்கள். யாராவது வாய் நீட்டினால் மியூட், பிளொக், ரிப்போர்ட். பதில் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டாம். அவர்களைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை.

படம் அனுப்பு, நம்பர் தா என்று யாராவது நெருக்கினால், மிரட்டினால், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிட்டு அம்மாவிடம் நேரே சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அம்மா போனைப் பறித்துவிடுவார் என்று பயந்து பிள்ளைகள் மறைப்பதைத்தான் இப்படிப்பட்டவர்கள் நம்பியிருக்கிறார்கள். அப்படிப் பறித்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் அம்மாவுக்கு நான் எழுதுகிறேன்.