தண்டால் எடுத்தால் ஆண் மாதிரி ஆகிவிடுவேனா?

கேள்வி: என்னால் ஒரு தண்டால்கூட எடுக்க முடியவில்லை. ‘கை பலம் ஆண்களுக்குத்தான், பழகினால் நீயும் ஆம்பளை மாதிரி ஆயிடுவே’ என்கிறான் தம்பி. கடலூர் துறைமுகத்தில் பெண்கள் மீன் கூடை சுமப்பது எப்படி?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: தம்பி சொன்னதில் பாதி உண்மை. சராசரியாகப் பெண்களின் மேலுடல் பலம் ஆண்களுடையதில் 50 முதல் 60 சதவீதம். கால்களில் இந்த இடைவெளி குறைவு. பருவ வயதுக்குப் பின் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஆண்களுக்குத் தசையைக் கூட்டுகிறது. ஆனால் ஒரே தடிமனுள்ள தசை இருவருக்கும் ஏறக்குறைய ஒரே விசையைத்தான் தரும். தலைச்சுமை முதுகெலும்பு வழியாகக் காலுக்கு இறங்குகிறது. கூடைக்காரர்களின் பலம் கழுத்திலும் காலிலும், பல வருடப் பழக்கத்திலும் இருக்கிறது.

தண்டாலில் உடல் எடையில் மூன்றில் இரண்டு பங்கு கையில் விழும். அதனால் தரையில் தொடங்காதீர்கள். இடுப்பளவு திண்ணையில் கை ஊன்றி, 8 முறை வீதம் 3 சுற்று, வாரம் 3 நாள். 12 முறை சுலபமானதும் தாழ்வான படிக்கு மாறுங்கள். இடுப்பு தொங்கினால் முதுகு வலிக்கும். முழங்கை பக்கவாட்டில் விரிந்தால் தோள்பட்டை பிடிக்கும். முழங்கையை உடலையொட்டிச் சாய்வாக வையுங்கள்.

உங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு. ஆண் உடல் வராது, பயப்படவே வேண்டாம். 55 கிலோ எடை என்றால் தினம் சுமார் 65 கிராம் புரதம் சாப்பிடுங்கள். 100 கிராம் மீனில் 20 கிராம் கிடைக்கும்.