பாசிக்குப் பொழுது தெரியுமா?

பாசியையும் வெளிச்சத்தையும் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து ஓர் அண்ணா: வளவுக்குள் மீன்குளம், தண்ணீர் கடும் பச்சை. விடியப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. எட்டு மணிக்குச் சரியாகிவிடும். நோயா?

நோய் இல்லை அண்ணா, மூச்சு முட்டுகிறது. பாசி பகலில் ஒட்சிசனை விடும். பொழுது பட்டதும் அந்த வேலை நின்றுவிடும், ஆனால் அதன் மூச்சு நிற்காது. பகலில் சேர்த்த மாப்பொருளை இரவு முழுக்க எரித்துத்தான் பாசி உயிரோடிருக்கிறது. மீனும், அடியில் அழுகும் தீனியும் அதே ஒட்சிசனுக்குத்தான் வருகின்றன. அதனால் சூரியன் எழும்புவதற்குச் சற்று முன்னர்தான் ஒட்சிசன் ஆகக் குறைவு. நடுச்சாமத்திலிருந்து விடியும்வரை ஏரேட்டரை (தண்ணீருக்குள் காற்றை ஊட்டும் கருவியை) ஓடவிடுங்கள். பின்னேரத் தீனியைக் குறையுங்கள். பகல் முழுக்க மழைமூட்டமாக இருந்தால் அன்றிரவு இன்னும் கவனம் வேண்டும். தயவுசெய்து மருந்து ஊற்றிப் பாசியை ஒரேயடியாகக் கொல்லாதீர்கள். செத்த பாசி அழுகும்போது மிச்ச ஒட்சிசனும் போய்விடும்.

உயர்தர மாணவி, திருகோணமலை நகர்: உச்சி வெயில் அல்காவை, அதாவது பாசியை, கருக்காதா?

கருக்கும் தங்கச்சி. பச்சையம் வாங்கும் சக்தி செலவழிக்கக்கூடியதை விடக் கூடினால் கலத்துக்குள் சேதம்தான். பல பச்சை, கபில அல்காக்களில் வயோலாசாந்தின் என்ற மஞ்சள் நிறப்பொருள் சில நிமிடங்களிலேயே சியாசாந்தினாக மாறும். அப்போது மிகுதிச் சக்தி வெப்பமாக வெளியேறிவிடும். நிழல் வந்தால் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். நாள்கணக்கில் வெயில் தொடர்ந்தால் கலம் பச்சையத்தையே குறைத்துக்கொள்ளும், மங்கலான இடத்தில் கூட்டிக்கொள்ளும். மனப்பாடம் செய்ய வேண்டாம், இரண்டு போத்தலில் குளத்துத் தண்ணீர் எடுத்து ஒன்றை வெளிச்சமான நிழலிலும் மற்றதை அறை மூலையிலும் ஒரு கிழமை வைத்து நிறத்தைப் பாருங்கள்.

அவரே மீண்டும்: வெளிச்சம் வந்த பிறகுதான் எல்லாம் தொடங்குமா?

இல்லை, இதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். விடியப்போகிறது என்று முன்கூட்டியே ஆயத்தமாகின்றன. நீலப்பச்சை அல்கா என்று நாம் சொல்லும் சினெக்கோகொக்கசு உண்மையில் ஒரு பற்றீரியா. அதனுள் கைஏ, கைபி, கைசி என்று மூன்று புரதங்கள் மணிக்கூடு போல ஓடுகின்றன. 2005இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் டகாவோ கொண்டோவின் குழு அந்த மூன்றையும், கலங்களுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற மூலக்கூறோடு சோதனைக்குழாயில் கலந்தது. கலமே இல்லை, வெயிலும் இல்லை. ஆனாலும் கிட்டத்தட்ட 24 மணித்தியாலச் சுற்று தொடர்ந்து ஓடியது!

மூதூர்ப் பக்கம் ஒரு தம்பி: இரவில் கொட்டியாரக் குடாவில் துடுப்புப் போட்டால் சில நாள் தண்ணீர் நீலமாக மினுங்குகிறது. பகலிலும் மினுங்குமா, வெயிலில் நமக்குத்தான் தெரியவில்லையா?

நல்ல கேள்வி தம்பி. இப்படி மினுங்குபவை பெரும்பாலும் டைனோபிளாஜலேற்று எனும் ஒற்றைக்கல உயிர்கள். அவற்றில் லிங்குலோடினியம் என்ற இனம் ஒளிக்குத் தேவையான புரதங்களை இரவுக்கென்றே செய்து, விடியும்போது அழித்துவிடும். பகலில் கலக்கினாலும் பெரிதாக ஒளிராது. அதைத் தொடர் இருட்டில் வைத்தாலும் சில நாள்களுக்கு இரவு நேரத்தில்தான் கூட மினுங்கும். அடுத்தமுறை அந்தத் தண்ணீரைப் போத்தலில் எடுத்து இருட்டு அலுமாரியில் வையுங்கள். மத்தியானம் ஒருக்கா, இரவு ஒன்பதுக்கு ஒருக்கா, இருட்டிலேயே மெல்ல ஆட்டிப் பாருங்கள்.

சல்லியிலிருந்து ஓர் அக்கா: கஞ்சிப்பாசி என்ற கடற்பாசி ஓரிடத்தில் கருஞ்சிவப்பு, ஆழமில்லாத இடத்தில் மஞ்சள். இரண்டு இனமா?

ஒரே இனமாகவே இருக்கலாம் அக்கா. கீழே எட்டும் நீல, பச்சை ஒளியைப் பிடிக்க அதற்குச் சிவப்பு நிறப்பொருள் வேண்டும். மேலே வெயில் தாராளம், அதனால் குறைத்துவிடும். காயவைக்கும்போது வெளுப்பது வேறு, அது செத்த பாசியின் நிறம் கழன்றுபோவது.

மீன்தொட்டி லைட்டை இரவும் போடலாமா?

வேண்டாம். எட்டு மணித்தியாலம் போதும்.