ஏற்காட்டில் அப்பாவின் நல்லடக்கத்துக்குப் பெட்டி எடுக்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். சேலத்தில் வாங்கி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தபின் பெட்டி அளவு போதவில்லை என்றால் தவித்துப்போவீர்கள். உச்சந்தலை முதல் பாதம் வரையிலான நீளத்தோடு 3 அங்குலம் கூட்டுங்கள், அதுதான் உள்ளளவு. அகலத்தைத் தோளில் மட்டும் அளக்காதீர்கள். கைகளை மார்பில் கோத்து வைத்திருந்தால் முழங்கைதான் அகலமான இடம்.

மூடியின் அலங்காரத்தைவிட அடிப்பலகை முக்கியம். திருப்பிப் பாருங்கள்: குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றனவா, வெறும் ஆணியா, திருகாணியா? பளபளக்கும் கைப்பிடிகள் பெரும்பாலும் அழகுக்குத்தான். சரிவில் இறங்கும்போது பாரம் ஒரு பக்கம் சாய்ந்து பிடி கழன்றுவிடும். அடியில் கைகொடுத்தே தூக்குங்கள். மழைக்காலமென்றால் மரத்தூளை ஒட்டிச் செய்யும் துகள்பலகை வேண்டவே வேண்டாம், ஊறி உப்பும்.

கைப்பிடியோடு சேர்த்த வெளியளவைக் குழி வெட்டுபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.