குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் குளோரினைக் குறைக்கலாமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு நீச்சல்குளத்தில் ஒரு மாதமாகக் குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது. 8 வயது மகள் குளித்துவிட்டுக் கண் சிவந்து வருகிறாள். குளத்தைப் பார்த்துக்கொள்பவர் டெஸ்ட் கிட்டைக் காட்டி, "சரியாத்தான் இருக்கு மேடம்" என்கிறார். குளோரினைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி அசோசியேஷனில் பேசப்போகிறோம். சரிதானே?

— சென்னை வாசகி

பதில்: குறைக்கச் சொல்லாதீர்கள். அநேகமாக உங்கள் குளத்துக்குக் குளோரின் போதவில்லை.

ஒழுங்காகப் பராமரிக்கும் திறந்தவெளிக் குளத்தின் ஓரத்தில் நின்றால் வாடை பெரிதாகத் தெரியாது. உங்கள் மூக்கைத் துளைப்பது குளோரமைன். வியர்வை, சிறுநீரோடு குளோரின் சேரும்போது உண்டாவது. (ஆம், சிறுநீர். எல்லாக் குளத்திலும் உண்டு.) அதில் ஒரு வகை நீரிலிருந்து கிளம்பி மேற்பரப்பை ஒட்டியே நிற்கும். நீந்துகிற குழந்தையின் கண்ணும் மூக்கும் இருப்பது அங்கேதானே. இப்படி மாறிவிட்ட குளோரின் கிருமியைக் கொல்வதில் படுமந்தம். மாறாமல் மிஞ்சியிருப்பதைத்தான் ஃப்ரீ குளோரின் என்கிறோம். கணக்கு அதற்குத்தான்: 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்) இருக்க வேண்டும்.

அப்படியானால் கிட் ஏன் 'சரி' என்கிறது? சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளாகிறதா என்று பாருங்கள். மஞ்சள் என்றால் அது ஓ.டி. கிட். மாறியது, மாறாதது இரண்டையும் சேர்த்து மொத்தக் குளோரினைத்தான் அது காட்டும். நான் பார்க்கப்போன ஒரு குளத்தில் மஞ்சள் பளிச்சென்று வந்தது, 2 பிபிஎம். அதே தண்ணீரில் ஃப்ரீ குளோரினை மட்டும் காட்டும் டி.பி.டி. மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பு வர வேண்டும். ஏதோ வெட்கப்பட்டதுபோல லேசாக நிறம் காட்டி நின்றுவிட்டது. டி.பி.டி. கிட் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். அசோசியேஷனில் பேச வேண்டியது அதைத்தான்.

கூடவே பி.எச். அளவையும், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையையும், கேளுங்கள். 7.2 முதல் 7.8 வரை இருக்கலாம். 7.5-இல் ஃப்ரீ குளோரினில் ஏறக்குறைய பாதி, கிருமியை வேகமாகக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8-ஐத் தொட்டால் அது கால் பங்காகிவிடும். பிளீச்சிங் பவுடர் போடப்போட பி.எச். ஏறும், ஆசிட் விட்டு இறக்க வேண்டும். பவுடரை மட்டும் கொட்டி ஆசிட்டை மறந்த குளங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சேர்ந்துவிட்ட குளோரமைனை உடைக்க, அது எவ்வளவோ அதைப்போல் 10 மடங்கு குளோரினை ஒரே தடவையில் போட வேண்டும். அரைகுறையாகப் போட்டால் வாடை இன்னும் கூடும். உதாரணத்துக்கு, மொத்தம் 2, ஃப்ரீ 1 என்றால் குளோரமைன் 1 பிபிஎம். 10 பிபிஎம் ஏற்ற வேண்டும். 1 லட்சம் லிட்டர் குளத்துக்கு அது 1 கிலோ சுத்தமான குளோரின். 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் பவுடர்) என்றால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் இரவில் போட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, ஃப்ரீ குளோரின் 3 பிபிஎம்முக்கு இறங்கும்வரை குளத்தைப் பூட்டிவையுங்கள். ஆசிட்டும் குளோரினும் ஒரே வாளியில் படவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

"குளோரினே இல்லாமல் ஓசோன், யு.வி. (புற ஊதா ஒளி) மெஷின் போட்டால் என்ன?" என்று அசோசியேஷனில் யாராவது நிச்சயம் கேட்பார். அவை மெஷினைக் கடக்கும் தண்ணீரைச் சுத்தம் செய்யும். பக்கத்தில் நீந்துபவரிடமிருந்து இந்த நிமிடம் கலப்பதை என்ன செய்ய? அங்கே தண்ணீரிலேயே தங்கி நிற்கும் மருந்து வேண்டும். அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி 1908-இல் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியது. நீச்சல்குளங்களுக்கும் அந்த வழக்கம் சீக்கிரமே வந்துவிட்டது. 1 பிபிஎம்மில் ஈ-கோலை என்ற குடல் பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் சாகும். வயிற்றுப்போக்கைத் தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மட்டும் 10 நாளுக்கு மேல் தாங்கும். ஆகவே வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்கவே கூடாது, குளோரின் எவ்வளவு இருந்தாலும் சரி.

இறங்குமுன் ஒரு நிமிடம் ஷவரில் நிற்பதைக் கட்டாயமாக்குங்கள். வியர்வையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். மகளுக்குக் கண்ணைச் சுத்தமான குழாய்த் தண்ணீரில் கழுவிவிடுங்கள். சிவப்பு மறுநாளும் இருந்தாலோ பார்வை மங்கினாலோ கண் டாக்டரிடம் காட்டுங்கள். டி.பி.டி. அளவு சரியாக வரும்வரை அவள் கரையிலேயே இருக்கட்டும்.