பனிக்கரடிக்கு டால்டா போதும்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. டிவியில் பனிக்கரடியைப் பார்த்ததிலிருந்து ஓயாமல் கேள்வி. திருத்துறைப்பூண்டி வெயிலில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிப் புரியவைப்பது? ஆன்லைனில் இதற்கென்றே ஒரு விளையாட்டுப் பெட்டி இருக்கிறது, விலைதான் யோசிக்க வைக்கிறது. வாங்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: வேண்டாம்மா. தொட்டுப் பார்க்க வேண்டியதெல்லாம் உங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது.

ஒரு பாலிதீன் பையில் நாலைந்து கரண்டி டால்டா போடுங்கள். அதற்குள் இன்னொரு பையை விட்டு, இரண்டின் வாயையும் சேர்த்து டேப் ஒட்டுங்கள். டால்டா நடுவில் மாட்டிக்கொள்ளும், உறை தயார். டால்டா இல்லாமலும் ஒன்று செய்துவையுங்கள். இல்லாவிட்டால், "பைதானே குளிரைத் தடுத்துச்சு?" என்று பையன் மடக்குவான். வாளியில் ஐஸ் தண்ணீர். வெறுங்கையை விட்டதும் 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொள்வான். வெறும் பையிலும் அதே கதைதான். டால்டா உறைக்குள் மட்டும் கை சொகுசாக இருக்கும். அப்போது சொல்லுங்கள்: பனிக்கரடியின் தோலுக்கு அடியில் 10 சென்டிமீட்டர் வரைகூடக் கொழுப்பு இருக்கும். தண்ணீரில் இறங்கினால் முடி நனைந்துவிடும். அங்கே அதைக் காப்பது இந்தக் கொழுப்புதான்.

நிறத்துக்கு வேதாரண்யம் கல்லுப்பு. ஒரு கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும், கிட்டத்தட்டக் கண்ணாடி. அதையே கறுப்புத் துணிமேல் குவித்தால் வெள்ளை. பனிக்கரடியின் முடியும் அப்படித்தான், தனி முடிக்கு நிறமே கிடையாது. அடியில் இருக்கும் தோல் கறுப்பு! இதைக் கேட்டதும் பெரியவர்களே வாயைப் பிளப்பார்கள். ஒரு எச்சரிக்கை: உப்பையும் ஐஸையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளிர் இன்னும் கடுமையாகி, பிஞ்சுத் தோல் புண்ணாகிவிடும்.

எடைக்கு அரிசி. பிறந்த குட்டி சுமார் 600 கிராம்தான். அந்த அளவு அரிசியைத் துணிப்பையில் கட்டி மடியில் கொடுங்கள், தாலாட்டுவான். அப்பா கரடி? கொள்முதல் நிலையத்துப் பக்கம் போகும்போது 40 கிலோ நெல் மூட்டை பத்தைக் காட்டுங்கள். அவ்வளவு எடையும் அதற்கு மேலும் இருக்கும்.

சாப்பாட்டை மட்டும் மழுப்பாதீர்கள். பனிக்கரடி சீல் என்ற கடல் விலங்கைத் தின்னும். மீன் ஆய்வதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. சீல் மூச்சுவிட வரும் பனி ஓட்டைக்கு அருகில், வயல் கொக்கு மாதிரி அசையாமல் காத்திருக்கும். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, நீங்கள் சீலாக உள்ளே போங்கள், அவன் கரடி. சத்தம் போட்டால் சீல் வராது. உங்களுக்கும் பத்து நிமிஷம் நிம்மதி.

பென்குயின் பொம்மையைப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். கரடி வடதுருவப் பக்கம், பென்குயின் தெற்கே. இயற்கையில் இரண்டும் சந்திப்பதே இல்லை.

ஐஸ் கரைவதைப் பார்த்து, "கரடி எங்கம்மா போகும்?" என்று கேட்பான். கேட்டே தீருவான். "கோடையில் கடல் பனி உருகும் இடங்களில் கரைக்கு வந்துவிடும். அங்கே சீல் பிடிப்பது கஷ்டம். மறுபடி கடல் உறைகிற வரைக்கும் பசியோடு காத்திருக்கும். பூமி சூடாவதால் அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போகிறது" என்று சொல்லுங்கள். இந்த வயதுக்கு இது போதும். கரடியெல்லாம் செத்துப்போகும் என்று பயமுறுத்தித் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.

டால்டா உறையை ஃப்ரிட்ஜில் வைத்தால் அடுத்த வாரமும் ஆகும். மாமியார் கண்ணில் படும்முன் அதன்மேல் 'கரடி' என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.