ஆண்டு சொல்லாத ஜப்பானியக் கதை: கேள்வி – பதில்

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): நான் படிக்கும் ஜப்பானிய காமிக்ஸில் ஆண்டு எங்குமே சொல்லப்படவில்லை. நாயகன் ஒசாகாவிலிருந்து ரயிலில் வந்து டோக்கியோவில் கடைசி நிலையமான ஷிம்பாஷியில் இறங்குகிறான். வாளைத் துணியில் சுற்றி மறைத்து வைத்திருக்கிறான். அதே நகரின் அசாகுசா பகுதியில் எண்கோண வடிவில் 12 மாடிக் கோபுரம் நிற்கிறது. இது எந்தக் காலம்?

பதில்: 1890 நவம்பருக்கும் 1914 டிசம்பருக்கும் இடைப்பட்ட காலம்.

இப்படிப்பட்ட கதைகளில் முதலில் கட்டடத்தைப் பிடியுங்கள். நீங்கள் சொல்லும் கோபுரத்தின் பெயர் ரியோஉன்காகு. கீழே பத்து மாடி செங்கல், மேலே இரண்டு மாடி மரம். 1890 நவம்பரில் திறந்தார்கள். 1923 செப்டம்பர் 1, பகல் 11.58க்கு வந்த காந்தோ நிலநடுக்கத்தில் மேல்பாதி முறிந்து விழுந்தது. மிச்சத்தை ராணுவம் வெடி வைத்துத் தகர்த்தது. கோபுரம் முழுசாக நிற்கிறது என்றால் அந்த 33 ஆண்டுக்குள்தான் கதை.

அடுத்தது ரயில். டோக்கியோ நிலையம் 1914 டிசம்பர் 20 அன்று திறக்கும்வரை ஒசாகா பக்கத்து ரயில்களுக்கு ஷிம்பாஷிதான் கடைசி. பிறகு அந்தப் பழைய நிலையம் ஷியோடோமே என்று பெயர் மாறி, சரக்குக்கு மட்டும் என்றானது. இதோடு 33 ஆண்டு 24 ஆகிவிட்டது.

பலரும் முதலில் வாளைத்தான் பிடித்துக்கொள்வார்கள். இங்கே அது உதவாது. 1876 மார்ச்சில் வந்த தடை, வாளை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடுவதற்குத்தான். வீட்டில் வைத்திருப்பதற்கு அல்ல. ராணுவத்தாருக்கும் போலீஸாருக்கும் விலக்கும் இருந்தது. மறைத்த வாள் என்றால் 1876க்குப் பிந்தையது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

இன்னும் நெருங்க வேண்டுமானால் பேச்சைக் கவனியுங்கள். ருஷ்யப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய் வந்தால் 1905ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ. யாராவது ‘தைஷோ’ என்று சொன்னால், அந்த ஆட்சிப்பெயர் 1912 ஜூலை 30 அன்றுதான் பிறந்தது. உங்களுக்கு மிஞ்சுவது சுமார் இரண்டரை ஆண்டுதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். படத்தில் இருப்பது சாட்சி, இல்லாதது சாட்சி ஆகாது. கோபுரம் தெரியவில்லை என்பதற்காக 1923க்குப் பின் என்று எழுதிவிடாதீர்கள். ஓவியர் வேறு பக்கம் பார்த்து வரைந்திருக்கலாம்.

கேள்வி (சேலம் வாசகர்): ஒரு நாவலில் மெய்ஜி 11, வசந்த காலம். நாயகிக்கு வயது 18. அவள் பிறந்தது புன்கியூ 1, பன்னிரண்டாம் மாதம் 20ஆம் தேதி. எப்படிக் கூட்டினாலும் 18 வரவில்லையே?

பதில்: நாவலாசிரியர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். மெய்ஜி, புன்கியூ எல்லாம் தைஷோ போல ஆண்டுகளை எண்ண வைத்த பெயர்கள். மெய்ஜி ஆண்டோடு 1867ஐக் கூட்டுங்கள், 1878 வரும். (தைஷோவுக்கு 1911, ஷோவாவுக்கு 1925, ஹெய்செய்க்கு 1988, ரெய்வாவுக்கு 2018.) புன்கியூ 1 என்பது பெரும்பாலும் 1861. ஆனால் அன்றைய நாட்காட்டி சந்திரனை வைத்தது, ஆண்டு பிறப்பதே ஜனவரி கடைசி, பிப்ரவரி வாக்கில். ஆகவே அந்தப் பன்னிரண்டாம் மாதம் 20ஆம் தேதி, இன்றைய கணக்கில் 1862 ஜனவரி.

வயதுக் கணக்கும் வேறு. பிறந்த அன்றே ஒரு வயது. அதன்பின் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். அவள் பிறந்து பத்தே நாளில் இரண்டு வயதுக்காரி! அப்படி எண்ணினால் 1878இல் 18. நம் கணக்கில் முடிந்தது 16தான். முழு வயது எண்ணும் பழக்கம் வேரூன்றியது 1950இல் வந்த சட்டத்துக்குப் பிறகு. அதற்கு முந்தைய கதைகளில் ஒன்றோ இரண்டோ கழித்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு பொறி: 1873 ஜனவரி 1 முதல் ஜப்பான் இன்றைய நாட்காட்டிக்கு மாறியது. அதனால் மெய்ஜி 5இன் பன்னிரண்டாம் மாதத்துக்கு இரண்டே நாள். ‘மெய்ஜி 5, பன்னிரண்டாம் மாதம் 20’ என்று ஒரு கதையில் வந்தால் அது எழுதியவரின் பிழை. அதற்கு முந்தைய தேதிகளில் 15 என்றால் பௌர்ணமியை ஒட்டிய இரவு, 1 என்றால் கும்மிருட்டு. இரவுக் காட்சியை இதை வைத்தே சரிபார்க்கலாம்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): எடோ காலம் (1603–1868) என்றால் 260 ஆண்டுக்கு மேல். கதையில் ‘கினோயெ-நே ஆண்டு’ என்று மட்டும் வருகிறது. பல வண்ண அச்சுப்படம் விற்கும் கடையும், யோகோஹாமாவில் மேல்நாட்டு வணிகர்களும் வருகிறார்கள். போதுமா?

பதில்: தாராளமாகப் போதும். நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை இருப்பது போல அங்கும் 60 ஆண்டுச் சுற்று உண்டு. அதன் முதல் ஆண்டுதான் கினோயெ-நே. நம் பிரபவத்துக்கு மூன்று ஆண்டு முன்னால் வரும். (கோஷியன் பேஸ்பால் அரங்கம் 1924இல் திறந்தது. கினோயெ-நே என்பதை ‘கோஷி’ என்றும் படிப்பார்கள், அந்த ஆண்டின் பெயர்தான் அரங்குக்கு வந்தது.) எடோ காலத்துக்குள் 1624, 1684, 1744, 1804, 1864 என ஐந்து முறை வருகிறது. பல வண்ண அச்சு 1765இல் தொடங்கியது, எனவே முதல் மூன்றும் கழிந்தன. யோகோஹாமா துறைமுகம் மேல்நாட்டாருக்குத் திறந்தது 1859இல். மிஞ்சுவது 1864.

பழைய கதை என்றால் எடோ கோட்டையின் உச்சிக் கோபுரத்தைத் தேடுங்கள். 1657 தீயில் போனதை மறுபடி கட்டவே இல்லை. ஃபுஜி மலையின் தென்கிழக்குச் சரிவில் புடைப்பு இருந்தால் 1707 எரிமலை வெடிப்புக்குப் பிந்தையது.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): இன்றைய பள்ளிக் கதைக்கும் இது செல்லுமா? ஏப்ரல் 8 திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. 100 யென் பேனாவுக்கு அவள் 105 யென் கொடுக்கிறாள். கையில் மடிப்புக் கைப்பேசி.

பதில்: செல்லும். அந்த 5 யென் நுகர்வு வரி. 1989 ஏப்ரலில் 3 சதவீதம், 1997 ஏப்ரலில் 5, 2014 ஏப்ரலில் 8, 2019 அக்டோபரில் 10. ஆகவே 105 என்றால் 1997 ஏப்ரல் முதல் 2014 மார்ச் வரை. அதற்குள் ஏப்ரல் 8 திங்களில் வந்தது 2002, 2013 இரண்டே முறை. மடிப்புக் கைப்பேசியை வைத்து முடிவு கட்ட வேண்டாம், 2013இலும் பலர் அதை வைத்திருந்தார்கள். அவள் 1000 யென் நோட்டு நீட்டும் கட்டத்தைப் பாருங்கள். இரண்டு நோட்டிலும் மீசைக்காரர்தான் என்பதால் முன்பக்கத்தில் ஏமாந்துவிடுவீர்கள். பின்பக்கத்தில் ஜோடிக் கொக்குகள் இருந்தால் எழுத்தாளர் சோசெகி படம் போட்ட பழைய நோட்டு, பெரும்பாலும் 2002. ஃபுஜி மலை இருந்தால் 2004 நவம்பரில் வந்த, மருத்துவ ஆய்வாளர் நோகுச்சி படம் போட்ட நோட்டு, ஆக 2013.